சூரியனை உரசும் வால்மீன்களை வீட்டிலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி? சோஹோ விண்கலப் படங்களுக்கான முழு வழிகாட்டி

வால்மீன் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பெரிய தொலைநோக்கி வேண்டும், மேகமில்லாத இரவு வேண்டும், ஊர் வெளிச்சம் எட்டாத மலை உச்சி வேண்டும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இவை எதுவும் இல்லாமல், பட்டப்பகலில் கணினி முன்னால் உட்கார்ந்தபடியே, அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு வால்மீனைக் கண்டுபிடிக்க முடியும். சோஹோ என்ற சூரிய ஆய்வு விண்கலத்தின் படங்களில் மட்டும் இப்படி 5000க்கும் மேற்பட்ட வால்மீன்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் விஞ்ஞானிகள் இல்லை, உங்களையும் என்னையும் போன்ற ஆர்வலர்கள்.

இதற்குக் கணிதப் பட்டம் தேவையில்லை. இணைய இணைப்பு, ஓரளவு பெரிய திரை, பொறுமை மூன்றும் போதும். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்மீன் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். எது வால்மீன் இல்லை என்று கற்றுக்கொள்ளத்தான் வாரக்கணக்கில் ஆகும். அதனால் இந்த வழிகாட்டியிலும் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சோஹோ எங்கே இருக்கிறது, எப்படிப் பார்க்கிறது

ஐரோப்பிய விண்வெளி முகமையும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பர் 2 அன்று ஏவிய விண்கலம் சோஹோ. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்1 எனப்படும் புள்ளியைச் சுற்றிவருகிறது. அங்கே இரவு கிடையாது, கிரகணம் கிடையாது, குறுக்கே பூமி வருவதும் கிடையாது. எந்நேரமும் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டு ஆண்டுகள் உழைத்தால் போதும் என்று வடிவமைத்தார்கள். 2025 டிசம்பரில் அதற்கு 30 வயது நிறைந்தது.

நமக்கு வேண்டியது அதிலுள்ள லாஸ்கோ என்ற கருவி. அது ஒரு கரோனாகிராஃப். சூரியனை நேராகப் பார்த்தால் கண் கூசும், பக்கத்தில் பறக்கும் பறவை தெரியாது. கையை நீட்டிச் சூரியனை மறைத்துக்கொண்டால் தெரியும். அதே உத்திதான் இங்கேயும். கருவிக்குள் ஒரு வட்டத் தட்டு சூரியனை மறைத்துக்கொள்ள, அதைச் சுற்றியுள்ள கரோனா என்ற வெளி வளிமண்டலத்தின் மங்கலான ஒளியும் பின்னணி விண்மீன்களும் படத்தில் விழுகின்றன. செயற்கையாக உண்டாக்கிய நிரந்தர சூரிய கிரகணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்கோவில் முதலில் மூன்று கேமராக்கள் இருந்தன. 1998 ஜூன் 25 அன்று சோஹோவுடனான தொடர்பு அறுந்துபோனது. விண்கலம் சூரியனைப் பார்க்கும் நிலை தவறி, மின்சாரமின்றி உறைந்து கிடந்தது. ஜூலையில் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து ரேடார் அலைகளை அனுப்பி, அது இருக்குமிடத்தையும் சுழலும் வேகத்தையும் கண்டறிந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் மெல்லிய சமிக்ஞை வந்தது. உறைந்திருந்த எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, செப்டம்பரில் விண்கலத்தை மீண்டும் சூரியன் பக்கம் திருப்பினார்கள். விண்வெளி வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் மீட்புகளில் இது ஒன்று. அந்தக் கடுங்குளிரில் சி1 கேமரா மட்டும் பிழைக்கவில்லை. மிஞ்சிய சி2, சி3 இரண்டும்தான் நம் வேட்டைக்களம்.

இணையத்தில் சி2 படம் செம்பழுப்பு நிறத்திலும் சி3 படம் நீல நிறத்திலும் இருக்கும். நிறங்கள் அடையாளத்துக்காகப் பூசப்பட்டவை. சி2 சூரியனுக்கு நெருக்கமான பகுதியைக் காட்டும்: சூரிய மையத்திலிருந்து ஏறத்தாழ 2 முதல் 6 சூரிய ஆரம் வரை. சி3 ஏறத்தாழ 4 முதல் 30 சூரிய ஆரம் வரை காட்டும். மறைப்புத் தட்டின் நடுவே வரையப்பட்டிருக்கும் வெள்ளை வட்டம் சூரியனின் உண்மையான அளவு.

எதைத் தேடுகிறோம்

சோஹோவில் தெரியும் வால்மீன்களில் சுமார் 85 சதவீதம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் குடும்பத்தை ஆராய்ந்த ஜெர்மானிய வானியலாளர் ஹைன்ரிக் குரூட்ஸ் பெயரால் குரூட்ஸ் குழு என்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வால்மீன் உடைந்தது. அதன் துண்டுகள் மேலும் உடைந்தன. அந்தத் துணுக்குகள்தான் இன்னமும் அதே பாதையில் வரிசையாக வந்து சூரியனில் கரைகின்றன. 1843, 1882 ஆண்டுகளின் மாபெரும் வால்மீன்களும், 1965இல் பகலிலேயே தெரிந்த இக்கேயா-செக்கியும் இந்தக் குடும்பத்தின் பெரிய பிள்ளைகள். நாம் பார்க்கப்போவது பொடிசுகளை. பல துணுக்குகள் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் அகலம்தான் இருக்கும். சூரியனை நெருங்கும்போது பனிக்கட்டி ஆவியாகித் தூசு கிளம்புவதால்தான் அவ்வளவு சிறியது நம் கண்ணுக்குத் தெரிகிறது. சூரிய மையத்திலிருந்து 12 சூரிய ஆரத் தொலைவு வாக்கில் உச்சப் பிரகாசத்தை அடைந்து, பிறகு மங்கிக் காணாமல் போகும். தட்டின் மறுபக்கம் எதுவும் வெளியே வராது.

குரூட்ஸ் அல்லாத சிறு குழுக்களும் உண்டு: மேயர், மார்ஸ்டன், கிராக்ட். மைக் மேயரும் ரைனர் கிராக்டும் இப்படிப் படங்களைப் பார்த்துத் தேடிய ஆர்வலர்கள்தான். தேடியவர்களின் பெயரே அந்த இரு குழுக்களுக்கும் நிலைத்துவிட்டது.

படி 1: படங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

சோஹோ இணையதளத்தில் ‘தி சன் நவ்’ பக்கத்தில் அண்மைப் படங்கள் இருக்கும். பழைய படங்களுக்கு அதே தளத்தின் ‘மூவி தியேட்டர்’ பக்கம் வசதி. சி2 அல்லது சி3யைத் தேர்ந்தெடுத்து, தொடக்க நாள், முடிவு நாள், அளவு கொடுத்தால் படங்களை வரிசையாக ஓட்டிக்காட்டும்.

அளவு கேட்கும் இடத்தில் 1024 என்பதையே எடுங்கள். 512 அளவுப் படத்தில் மங்கலான வால்மீன் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் நசுங்கிவிடும். ஓட்டிப்பார்ப்பதோடு நிறுத்தாமல் படங்களைத் தனித்தனியாக இறக்கி ஒரு கோப்புறையில் போட்டுக்கொள்வது நல்லது. கோப்பின் பெயரிலேயே நாளும் நேரமும் இருக்கும். அது உலகப் பொது நேரம். உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றாதீர்கள். கடைசியில் அறிக்கை அனுப்பும்போது அந்த நேரத்தைத்தான் கேட்பார்கள்.

வழக்கமாக 12 நிமிடத்துக்கு ஒரு படம். இடையில் சில மணி நேரம் படமே இல்லாமல் போனால் பதற வேண்டாம். 2003இல் சோஹோவின் முக்கிய ஆன்டெனாவைத் திருப்பும் பொறி சிக்கிக்கொண்டது. அதைச் சமாளிக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை விண்கலத்தையே 180 பாகை திருப்பிவைக்கும் ஏற்பாடு வந்தது. அந்த மாற்றத்தை ஒட்டிய நாட்களில் படங்கள் குறைவாக வருவதுண்டு.

படி 2: தெரிந்த வால்மீன்களில் கண்ணைப் பழக்குங்கள்

புதிதாக வருபவர்கள் நேராக இன்றைய படத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பழைய காப்பகத்தில் நான்கு இடங்களை முதலில் பாருங்கள்.

முதலாவது, 2011 டிசம்பர் 14 முதல் 16 வரை, சி3. ஆஸ்திரேலிய ஆர்வலர் டெர்ரி லவ்ஜாய் தரையிலிருந்தே கண்டுபிடித்த குரூட்ஸ் வால்மீன் இது. படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து நீண்ட வாலோடு ஏறிவரும். தலை அவ்வளவு பிரகாசம் என்பதால் அதன் குறுக்கே கிடைமட்டமாக ஒரு வெள்ளைக்கோடு தெரியும். சூரிய மேற்பரப்பிலிருந்து சுமார் 1,40,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து, யாரும் எதிர்பாராமல் பிழைத்துத் தட்டின் மறைவிலிருந்து வெளியே வந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றுதான் வருகிறது.

இரண்டாவது, 1998 ஜூன் 1, 2, சி2. இரண்டு குரூட்ஸ் வால்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் விழும். தொடர்பு அறுந்ததற்குச் சில வாரங்கள் முன்பு எடுத்த படங்கள் இவை.

மூன்றாவது, 2013 நவம்பர் 27 முதல் 30 வரை, சி3. ஐசான் வால்மீன். இது குரூட்ஸ் குழு இல்லை. சூரியனைச் சுற்றிவரும்போதே சிதைந்து, வெறும் தூசு மேகமாக வெளியேறும். வால்மீன் இறப்பது எப்படி இருக்கும் என்று இதில் தெரியும்.

நான்காவது, 2023 ஜனவரி இறுதி, சி3. மாக்கோல்ஸ் என்ற 96பி வால்மீன். சுமார் 5.3 ஆண்டுக்கு ஒருமுறை வரும் பழைய விருந்தாளி, குரூட்ஸ் பாதையைவிட எட்டவே நிற்கும்.

இவை பெரியவை, கண்ணை உறுத்துபவை. இவற்றைப் பார்த்துப் பழகியதும் சன்கிரேசர் திட்டத்தின் தளத்துக்குப் போங்கள். ஆர்வலர்கள் அனுப்பும் வால்மீன் அறிக்கைகளைச் சரிபார்த்துப் பதிவுசெய்யும் திட்டம் அது, அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் கார்ல் பேட்டம்ஸ் பொறுப்பில் நடப்பது. உறுதிசெய்யப்பட்ட வால்மீன்களின் பட்டியலிலிருந்து ஒரு மங்கலான வால்மீனின் நாளையும் நேரத்தையும் எடுத்து, அது எங்கே இருந்தது என்பதைப் பார்க்காமலேயே படங்களில் நீங்களாகத் தேடுங்கள். பத்துக்கு ஆறாவது கண்ணில் படும்வரை இதையே செய்யுங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

படி 3: ஏமாற்றுபவற்றை அடையாளம் காணுங்கள்

ஒரு சி3 படத்தை முழுத்திரையில் திறந்தால் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். வால்மீன் இருந்தாலும் அதில் ஒன்றுதான். மற்றவை என்னென்ன?

முதல் எதிரி காஸ்மிக் கதிர். மின்னூட்டம் பெற்ற துகள் ஒன்று கேமராவின் உணரியில் மோதினால் ஒரு வெள்ளைப் புள்ளியோ சிறு கீற்றோ பதியும். கீற்றாக விழுந்தது வால் முளைத்த வால்மீனைப் போலவே இருக்கும். அதனால் வடிவத்தை ஒருபோதும் நம்பாதீர்கள். அடுத்த படத்தில் அது இருக்காது, அதுதான் அடையாளம். சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்த பின் சில மணி நேரம் துகள் மழை பொழிந்து படமே பனிப்புயல் அடித்தது போல ஆகிவிடும். அந்த மணி நேரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள், கண்தான் கெடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அடுத்தடுத்த மூன்று படங்களில் மூன்று வேறு காஸ்மிக் கதிர்கள் தற்செயலாக ஒரு கோட்டில் விழுந்துவிடும். நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்குள் எந்த மூன்றையும் இணைத்து ஒரு கோடு போட்டுவிட முடியும். மனம் அதைத்தான் விரும்பும். புதியவர்கள் அனுப்பும் தவறான அறிக்கைகள் இப்படித்தான் பிறக்கின்றன. மூன்று புள்ளி கிடைத்தால் நான்காவது எங்கே இருக்க வேண்டும் என்று முதலில் கணித்து எழுதிவிட்டு, பிறகு நான்காவது படத்தைத் திறங்கள். அங்கே இருந்தால் சரி. “கொஞ்சம் தள்ளி ஒன்று இருக்கிறதே” என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்தால் அது வால்மீன் இல்லை.

அடுத்து விண்மீன்கள். பூமியோடு சேர்ந்து சோஹோவும் சூரியனைச் சுற்றுவதால், பின்னணி விண்மீன்கள் எல்லாம் படத்தில் இடமிருந்து வலமாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகரும். 1024 அளவுப் படத்தில் சி3யின் ஒரு பிக்சல் 56 வில்விநாடி (ஒரு பாகை என்பது 3600 வில்விநாடி), சி2வின் ஒரு பிக்சல் சுமார் 12 வில்விநாடி. கணக்குப் போட்டால், 12 நிமிடத்தில் விண்மீன் சி3யில் அரை பிக்சலும் சி2வில் இரண்டரை பிக்சலும் நகர வேண்டும். உங்கள் புள்ளியும் இதே வேகத்தில், இதே திசையில், பக்கத்து விண்மீன்களோடு கூட்டமாக நகர்ந்தால் அது விண்மீன்.

கோள்களைக் கண்டுகொள்வது எளிது. வெள்ளி, வியாழன், புதன் போன்றவை உணரியை நிரம்பி வழியச் செய்வதால் இருபக்கமும் கிடைமட்டமாக வெள்ளைக்கோடு இழுத்திருக்கும். ஆனால் மங்கலான சிறுகோள் ஒன்று கடந்தால் அனுபவசாலிக்கே குழப்பம் வரும். விண்மீன்களைவிடச் சற்று வேறு வேகத்தில், மெதுவாக, வெகுநேரம் ஒரே பிரகாசத்தோடு போவதை வைத்து ஊகிக்கலாம்.

உணரியிலேயே பழுதான பிக்சல்களும் உண்டு. அவை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும். விண்கலத்திலிருந்து உதிரும் தூசுத் துகள்கள் கேமராவுக்கு மிக அருகில் போகும்போது படம் முழுக்க நீண்ட, மங்கிய கோடுகளாகத் தெரியும், ஒரே படத்தோடு மறையும். தரவு இழப்பால் சதுரச் சதுரமாகக் கறுப்புக் கட்டங்கள் விழும். அவற்றின் விளிம்பில் தெரியும் புள்ளிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். சி3யில் தட்டைத் தாங்கும் தண்டின் நிழல் மூலைவரை நீளும். விண்கலம் திரும்பும்போது அந்த நிழலும் எதிர் மூலைக்குப் போய்விடும். அதற்குப் பின்னால் வால்மீன் போனால் சற்று நேரம் மங்கி மீண்டும் தெளியும்.

கடைசியாக, சூரியனிலிருந்து வீசப்படும் பிளாஸ்மா மேகங்கள். பார்க்க அவ்வளவு அழகு, வேட்டையை மறக்கடித்துவிடும். அவற்றில் உள்ள முடிச்சுகள் சில சமயம் புள்ளியாகத் தெரிந்து நகரும். ஆனால் அவை வெளிநோக்கிப் போகும். நாம் தேடுபவை உள்நோக்கி வருபவை.

படி 4: எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

குரூட்ஸ் துணுக்குகள் எல்லாம் விண்வெளியில் ஒரே பாதையில் வருபவை. நாம் பார்க்கும் இடம்தான் பூமியோடு சேர்ந்து மாறுகிறது. அதனால் படத்தில் அவை நுழையும் பக்கமும் மாதத்துக்கு மாதம் மாறும். வடக்கு மேலே இருக்கும் படத்தில், ஏப்ரல், மே வாக்கில் கீழ் இடது பக்கத்திலிருந்தும், அக்டோபர் வாக்கில் கீழ் வலது பக்கத்திலிருந்தும், டிசம்பர், ஜனவரியில் பெரும்பாலும் கீழிருந்தும் வரும். இது மனத்தில் நிற்க வேண்டிய தோராயம்தான். சன்கிரேசர் தளத்தில் மாதவாரியாகப் பாதை வரைபடங்கள் உண்டு, அந்த மாதப் படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டே தேடுங்கள்.

தேடும் முறை இதுதான். குறைந்தது ஆறேழு படங்களை வரிசையாக ஏற்றி, விநாடிக்கு நான்கைந்து படம் என்ற வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். முழுப்படத்தையும் ஒரே நேரத்தில் பார்க்காதீர்கள். அந்த மாதப் பாதையை ஒட்டிய பகுதியை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கி, அதன் நடுவில் ஓரிடத்தில் கண்ணை நிறுத்துங்கள். எதையும் துரத்தாதீர்கள். மினுக்கும் ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சீராக ஊர்வதை ஓரக்கண் தானாகவே பிடிக்கும். பிறகு பக்கத்துப் பகுதிக்கு நகருங்கள். அறையின் விளக்கை அணைத்து, திரையின் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்வது உண்மையிலேயே உதவும்.

ஒவ்வொரு படத்திலிருந்தும் முந்தைய படத்தைக் கழித்துப் பார்க்கும் முறையும் உண்டு. நகராத பின்னணியெல்லாம் மறைந்து, நகர்ந்தவை மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு கறுப்புப் புள்ளி என்று ஜோடியாகத் தெரியும். ஹீலியோவியூவர் தளத்தில் இந்த வசதி இருக்கிறது. கிம்ப் போன்ற மென்பொருளில் இரண்டு அடுக்குகளை வைத்தும் செய்யலாம். ஆனால் இதைத் தேடலின் தொடக்கத்திலேயே பயன்படுத்தினால் காஸ்மிக் கதிர்களும் இரட்டிப்பாகத் தெரிந்து தொல்லை கொடுக்கும். சந்தேகம் வந்த புள்ளியை உறுதிசெய்துகொள்ளும்போது மட்டும் எடுங்கள்.

சி3யா, சி2வா? பிரகாசமானவை சி3யில் முதலில் சிக்கும், ஆனால் அவற்றை உலகெங்கும் பலர் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மிகச் சிறியவை சி2வில் மட்டுமே தெரியும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். என் கருத்தில் புதியவர்கள் சி2விலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே நகர்வு வேகமானது, கண்ணுக்கு எளிதில் படும்.

படி 5: அளந்து பாருங்கள்

சந்தேகத்துக்குரிய புள்ளி ஒன்று கிடைத்துவிட்டது என்று வையுங்கள். இனி ஓட்டிப்பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படத்தையும் கிம்ப்பில் திறந்து, புள்ளியின் மேல் சுட்டியை வைத்து அதன் பிக்சல் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கத்துக்காக நானே அமைத்த எண்கள் இவை. சி2, 1024 அளவு, மே மாதம்:

10:00 மணி: 300, 880
10:12 மணி: 308, 868
10:24 மணி: 316, 856
10:36 மணி: 325, 844

முதல் எண் இடமிருந்து எண்ணுவது, இரண்டாவது மேலிருந்து எண்ணுவது. ஒவ்வொரு 12 நிமிடத்திலும் புள்ளி வலப்பக்கம் 8 பிக்சல், மேல்நோக்கி 12 பிக்சல் நகர்ந்திருக்கிறது. கடைசியில் ஒன்று கூடியிருக்கிறது. ஒரு பிக்சல் இப்படி அப்படி இருப்பது இயல்பு, புள்ளியின் நடுவைக் கண்ணால் மதிப்பிடும்போது அவ்வளவு பிசகு வரும்.

இப்போது மூன்று கேள்விகள். திசை சரியா? சூரியன் இருப்பது படத்தின் நடுவில், 512, 512 என்ற இடத்துக்கு அருகே. கீழ் இடதிலிருந்து வரும் நம் புள்ளி ஏறத்தாழ அதை நோக்கித்தான் ஏறுகிறது, மே மாதப் பாதைக்கும் பொருந்துகிறது. வேகம் சீரா? மொத்த நகர்வு ஒவ்வொரு முறையும் 14 பிக்சலை ஒட்டியே இருக்கிறது. ஒரு முறை 14, அடுத்த முறை 5, பிறகு 20 என்று வந்திருந்தால் அங்கேயே கைவிட்டிருக்கலாம்.

மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: இயற்பியல் ஒத்துக்கொள்கிறதா? இந்தப் புள்ளி சூரிய மையத்திலிருந்து சுமார் 425 பிக்சல் தொலைவில் தொடங்குகிறது. சி2வில் சூரிய ஆரம் ஏறத்தாழ 81 பிக்சல், ஆகவே இது படத்தில் 5.2 சூரிய ஆரத் தொலைவு. சூரியனை நோக்கி விழும் பொருளின் வேகம், மேற்பரப்பருகே விநாடிக்கு 618 கிலோமீட்டர். அதைச் சூரிய ஆரத்தில் அளந்த தொலைவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இந்த இடத்தில் சுமார் 270 கிலோமீட்டர். 12 நிமிடத்தில் அது ஏறத்தாழ 1,95,000 கிலோமீட்டர் போகும். சி2வின் ஒரு பிக்சல் சுமார் 8,500 கிலோமீட்டர் என்பதால், மிஞ்சிப் போனால் 23 பிக்சல் நகரலாம். வால்மீன் நமக்குக் குறுக்காக வராமல் சாய்வாக வருவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் தெரியும். நாம் அளந்தது 14. பொருந்துகிறது. 40 பிக்சல் என்று வந்திருந்தால் அது வால்மீனாக இருக்கவே முடியாது. சி3யில் இதே கணக்கு 12 நிமிடத்துக்கு இரண்டு, மூன்று பிக்சல் என்று வரும்.

எங்கோ விண்வெளியில் ஒரு வீட்டளவு பனிப்பாறை விநாடிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்வதைக் கூட்டல், வகுத்தலில் சரிபார்த்துவிடலாம் என்பது எனக்கு இன்னும் பழகிப்போகாத வியப்பு.

படி 6: அறிக்கை அனுப்புவது

சன்கிரேசர் தளத்தில் ஒரு பயனர் கணக்கு தொடங்கி, அங்குள்ள அறிக்கைப் படிவத்தை நிரப்ப வேண்டும். எந்தக் கேமரா, எந்த நாள், ஒவ்வொரு படத்தின் நேரம், அதில் புள்ளியின் இடம், படத்தின் அளவு. நான்கைந்து படங்களாவது இருக்க வேண்டும், கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது.

இதில் நிறையப் பேர் தவறும் இடம் ஒன்று உண்டு. சில மென்பொருள்கள் பூஜ்ஜியத்தை மேல் இடது மூலையிலிருந்து எண்ணும், சில கீழ் இடது மூலையிலிருந்து. மேலிருந்து எண்ணினால் 880 என்று வருவது, கீழிருந்து எண்ணினால் 143. நீங்கள் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று படிவத்தில் சரியாகக் குறிப்பிடாவிட்டால் உங்கள் வால்மீன் தலைகீழாகப் போய், வானத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுட்டும். அனுப்புமுன் ஒருமுறை சரிபாருங்கள்.

அதே வால்மீனை வேறு யாராவது முன்பே அறிவித்திருக்கிறார்களா என்று அண்மை அறிக்கைகளின் பட்டியலிலும் பாருங்கள். யார் முதலில் சரியாக அறிவித்தாரோ அவருக்குத்தான் கண்டுபிடித்தவர் என்ற பதிவு. அந்த அவசரத்தில் இரண்டு படத்தை வைத்துக்கொண்டு “இருக்கலாம்” என்று அனுப்பிவிடாதீர்கள். ஒவ்வொரு அறிக்கையையும் ஒரு மனிதர் உட்கார்ந்து சரிபார்க்கிறார். அவருடைய நேரத்துக்கு நாம் காட்டும் மரியாதை அது.

உறுதியானால் வால்மீனுக்கு உங்கள் பெயர் வராது. விண்கலத்தின் பெயரால் சோஹோ வரிசை எண் கிடைக்கும், பட்டியலில் கண்டுபிடித்தவராக உங்கள் பெயர் இருக்கும். அந்தப் பட்டியலில் 3000ஆவது வால்மீன் 2015 செப்டம்பரில் தாய்லாந்தின் வோரச்சேட் பூன்பிளாட் கண்டுபிடித்தது. 5000ஆவது 2024 மார்ச்சில் ஹான்ஜி டான் கண்டுபிடித்த மார்ஸ்டன் குழு வால்மீன். அவர் இந்தத் தேடலுக்குள் வந்தபோது வயது 13.

அனுப்பியபின் அந்தச் சில மணி நேரம்

பதில் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். செய்ய வேண்டியவை இரண்டு.

சி2வில் கண்டுபிடித்திருந்தால், பாதையைப் பின்னோக்கி நீட்டி, அதே நாளின் முந்தைய சி3 படங்களில் அது தெரிகிறதா என்று பாருங்கள். எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தபின், முன்பு கண்ணில் படாத மங்கலான புள்ளியும் சில சமயம் பிடிபடும். கிடைத்தால் அந்த இடங்களையும் கூடுதலாக அனுப்பலாம். நீண்ட பாதை கிடைத்தால் சுற்றுப்பாதைக் கணக்கு அவ்வளவு துல்லியமாகும்.

இரண்டாவது, அதே பாதையிலேயே கண்ணை வைத்திருங்கள். உடைந்த துணுக்குகள் என்பதால் குரூட்ஸ் வால்மீன்கள் தனியாக வராமல் கூட்டமாக வருவதுண்டு. 1998 ஜூனில் வந்த ஜோடியைப் படி 2இல் பார்த்தீர்கள். 2010 டிசம்பர் 13க்கும் 22க்கும் இடையே பத்தே நாட்களில் 25 வால்மீன்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று விழுந்ததும் கணினியை மூடிவிட்டுப் போனவர்கள் அந்த வாரம் நிறையத் தவறவிட்டிருப்பார்கள். அடுத்த படம் 12 நிமிடத்தில் வரும், அதையும் திறந்து, அதே கீழ் மூலையிலிருந்து பாருங்கள்.